வீங்காத கால்

என் அத்தை சாவித்திரிக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் முகம் அழகாகத் தொடங்கியது. அதற்கு முன் அவளை யாரும் அழகி என்று சொன்னதில்லை. வெயிலில் காய்ந்து கன்னம் ஒட்டிய முகம். பேச ஆரம்பித்தால் எதிரே நிற்பவர் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிடுவார், அப்படி ஒரு வாய். அந்த முகம் ஒரே வருஷத்தில் வட்டமாகி, கன்னம் இரண்டும் உப்பி, தோல் பளபளவென்று ஆகிவிட்டது. "சாவித்திரிக்குச் சதை போட்டுருக்கு" என்று தெருவே சொன்னது. மகன் சிங்கப்பூர் போன யோகம் என்றார்கள். கண் பட்டுவிடும் என்று எதிர்வீட்டுக்காரி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்த முகத்தைப் பார்த்து ஊரில் ஒருவருக்கும் பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அத்தை என் அப்பாவின் தங்கை. அவள் வீட்டுக்காரர் தியாகேசன் மாமா கோயில் நிலம் கொஞ்சம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அத்தையே பேசிவிடுவாள். மகன் செந்தில்குமாருக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. நான் பூர்ணிமா. திருவாரூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணிச் சொல்வது என் வேலை. "ரத்தம் குடிக்கிறவ வந்துட்டா" என்றுதான் அத்தை என்னை வரவேற்பாள்.

அவளுக்கு நடவுதான் தொழில். குறுவை, சம்பா, தாளடி என்று ஆற்றில் தண்ணீர் வருகிற காலமெல்லாம் ஒரு வண்டிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போவாள். எந்த வயலுக்கு எந்த நாள், யார் நாற்றுப் பறிப்பது, யார் நடுவது எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். நடவு மெஷின் வந்து பாதி வேலையைப் பிடுங்கிக்கொண்ட பிறகும், மெஷின் இறங்கினால் புதைந்துவிடும் பள்ள வயல்களுக்கு அவளைத்தான் தேடி வந்தார்கள். குனிந்தால் கரை சேரும்வரை நிமிர மாட்டாள். மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், "ஒடம்பு சொல்றதக் கேட்டா ஒரு வேலையும் நடக்காதுடி" என்பாள். இதை அவள் சொல்லாத நாள் கிடையாது. அப்போது கேட்டால் எரிச்சலாக இருக்கும். இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன் அவளுக்கு முட்டி வலி வந்தது. எலும்பு டாக்டரிடம் மாமா அழைத்துப் போனார். சேற்றில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "மீனப் பாத்துத் தண்ணியில எறங்காதங்குறாரு" என்று வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாளாம். மறுநாள் காலையில் நடவு வண்டியில் ஏறிவிட்டாள்.

ஆட்களை ஏற்றிப் போகிற குட்டியானை வண்டி கடைத்தெருவில் டீக்கடை முன்னால் நிற்கும். ஒட்டினாற்போல் ஒரு மெடிக்கல். பெண்கள் ஒரு கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு இன்னொரு கையை மெடிக்கல் பக்கம் நீட்டுவார்கள். "ஒரு செட்டு குடுங்கண்ணே" என்றால் போதும். என்ன வலி, எத்தனை நாளாக என்ற கேள்வியெல்லாம் கிடையாது. துண்டுக் காகிதத்தில் மடித்து மூன்று மாத்திரை வரும். பெரிய வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, கூடவே தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும் அளவில் ஒரு பொடி மாத்திரை. அட்டை கிடையாது, பெயர் கிடையாது. டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு ஏறிக்கொள்வார்கள். அதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. வெற்றிலை போடுகிற மாதிரி, நடவுக்குப் போகிறவள் செட்டு போடுவாள், அவ்வளவுதான்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்களே, அந்தப் பொடி மாத்திரைதான் காரம். அது ஸ்டீராய்டு. முதல் நாள் அதை விழுங்கிய அத்தை, அன்று சாயங்காலம் வாய்க்கால் மதகின் கட்டையைக் குமரி மாதிரி தாண்டிக் குதித்தாள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். நடவு நாளில் பெண்கள் ஒன்று இரண்டு போடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அத்தை தினமும் போடுகிறாள் என்பது தெரியாது. தீபாவளிக்குப் போயிருந்தபோது அந்த வட்ட முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா அத்தே?" என்று கேட்டேன்.

"மாத்திரையா? இந்த ஊட்டுல மாத்திரை முழுங்குறவரு உங்க மாமாதான். நான் எதுக்குடி சாப்பிடணும்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் செட்டு மாத்திரையே இல்லை.

முகம் மட்டும் மாறவில்லை. பசி அதிகமானது, ராத்திரி வடித்த சோற்றை விடிவதற்குள் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிடரியில் ஒரு சதைத் திட்டு ஏறியது. மாட்டுக்கயிறு லேசாக உரசினாலே கையில் நீலம் பாய்ந்தது. எல்லாவற்றையும்விட எனக்கு இப்போது பயங்கரமாகத் தோன்றுவது இன்னொன்று. ஒரு மழைக்காலத்தில் ஊரே காய்ச்சலில் படுத்தது. வீட்டுக்கு வீடு முனகல். அத்தை மட்டும் எழுந்து நடமாடி, எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். "எனக்குக் காய்ச்சலே அண்டாதுடி" என்று போனில் என்னிடம் பெருமையடித்தாள். காய்ச்சல் அண்டாத உடம்பு கிடையாது. எரிய வேண்டிய இடத்தில் எரியாமல் அவளுக்குள் ஏதோ ஒன்று அணைத்து வைத்திருந்தது.

போன வருஷம் ஐப்பசியில், தாளடி நடவின்போது அது வெளியே வந்தது. ரோட்டோரத்து வயல் அது. மதகுக் கட்டையில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள் பாட்டிலை வயலுக்குள்ளேதான் எறிவார்கள். சேற்றுக்குள் உடைந்து கிடந்த கண்ணாடி, அஞ்சம்மாளுடைய காலில் முதலில் ஏறியது. அஞ்சம்மாள் அத்தையின் வலது கை. நடவில் எப்போதும் அவளுக்கு அடுத்த ஆளாகக் குனிகிறவள். அலறிக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கப் போன அத்தையின் குதிகாலிலும் அதே பாட்டிலின் இன்னொரு துண்டு இறங்கியது. அத்தை அதைப் பிடுங்கித் தூர எறிந்தாள். குடித்தவர்களின் பரம்பரையையே திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

ஒரே வயல், ஒரே சேறு, ஒரே பாட்டில். மறுநாள் அஞ்சம்மாளின் கால் பரங்கிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. சிவந்து, தொட்டால் சுட்டது. குளிர்க் காய்ச்சலில் பிதற்றினாள். அவள் புருஷன் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே கீறி, சீழை எடுத்து, ஊசி போட்டு அனுப்பினார்கள். கார்த்திகை பிறப்பதற்குள் நொண்டிக்கொண்டே வயலுக்கு வந்துவிட்டாள்.

அத்தையின் குதிகாலில் வீக்கமும் இல்லை, சிவப்பும் இல்லை. வாய் திறந்த ஒரு வெட்டு, ஓரம் வெளுத்து, கழுவி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதை அவள் ஊருக்கே காட்டிப் பெருமைப்பட்டாள். அஞ்சம்மாளைப் பார்க்கப் போனபோது சீலையைத் தூக்கிக் காலை நீட்டி, "பாரு, ஒரு பொட்டு வீக்கம் இருக்கா? ஒடம்புன்னா இப்படி இருக்கணும். நீ வாழத்தண்டு, ஒடனே பொதபொதன்னு ஆயிட்ட" என்று கிண்டல் செய்திருக்கிறாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அஞ்சம்மாளும் சிரித்தாள். கடையில் காட்டியபோது மெடிக்கல்காரர் மட்டும் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, செட்டில் அந்தப் பொடி மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக வைத்துக் கொடுத்தார்.

புண் ஆறவில்லை. காயவும் இல்லை. பொருக்குக் கட்டாமல், சீழ் வைக்காமல், அன்றைக்குத்தான் வெட்டியது போல அப்படியே இருந்தது. வலி இல்லாததால் அவள் அதை மறந்துவிட்டு சேற்றில் இறங்கிக்கொண்டே இருந்தாள்.

பிறகு வீட்டில் ஒரு நாற்றம் வரத் தொடங்கியது. எலி செத்துக் கிடக்கிறது என்று மாமா முடிவு செய்தார். நெல் மூட்டையை எல்லாம் நகர்த்திப் பார்த்தார். பரணில் ஏறித் துழாவினார். கட்டிலை இழுத்துப் போட்டார், எங்கேயும் எலி இல்லை. அடுப்படியில் தேடினால் நாற்றம் கூடத்தில் இருந்தது. கூடத்துக்கு வந்தால் வாசலில் இருந்தது. அத்தை போகிற இடமெல்லாம் அது போய்க்கொண்டிருந்தது என்பது அவருக்கு உறைக்கவில்லை. அவளே, "ஒழுங்காத் தேடுங்க, புழு வச்சுரப்போவுது" என்று அவரை விரட்டியிருக்கிறாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவள் எழுந்து உட்கார்ந்து, கண் தெரியவில்லை என்று சொல்லி அப்படியே சாய்ந்தாள். கால் பக்கம் போய்க் குனிந்தபோதுதான் மாமாவுக்கு எலி எங்கே என்று புரிந்தது.

நான் திருவாரூர் பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டியிலிருந்து அவளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வட்ட முகம் அப்படியே இருந்தது. கை சில்லென்றிருந்தது. குதிகாலிலிருந்து கெண்டைக்கால்வரை தோல் சாம்பல் நிறமாக மாறி, அங்கங்கே கறுத்திருந்தது. அப்போதும் வீக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த நர்ஸ், காய்ச்சல் இல்லை என்றாள். அதைக் கேட்டு மாமாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்படி ஒரு காலுக்குக் காய்ச்சல் இருந்தே ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

வார்டில் இருந்தவர் டாக்டர் நஃபீசா. கூத்தாநல்லூர்ப் பெண், என் வயதுதான் இருக்கும். அதட்டிப் பேசத் தெரியாதவர். அத்தையின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த நீலத் திட்டுகளைப் பார்த்தார்.

"அம்மா, தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? சுகருக்கு, மூட்டு வலிக்கு, ஆஸ்துமாவுக்கு, எதுவானாலும் சொல்லுங்க."

"மாத்திரையே தொடமாட்டேம்மா" என்றாள் அத்தை. அவ்வளவு சோர்விலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டர் என்னிடம் கேட்டார், மாமாவிடம் கேட்டார். எங்களுக்கும் அதே பதில்தான்; நடவு நாளில் போடுகிற செட்டு எனக்கும் அப்போது மருந்தாக நினைவுக்கு வரவில்லை. ரத்தப் பரிசோதனை வந்தது. வெள்ளை அணுக்கள் சாதாரணமாக இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்கு. ஆனால் புண்ணிலிருந்து தொட்டு எடுத்ததில் கிருமி மொய்த்துக்கொண்டிருந்தது. வெள்ளை அணு தேடினாலும் இல்லை. நான் எத்தனையோ பேருடைய சீழைப் பார்த்திருக்கிறேன். அதில் கிருமியும் அணுவும் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டுதான் கிடக்கும். அப்படி ஆளில்லாத ஒரு போர்க்களத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

டாக்டர் நஃபீசா மாமாவை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். வெள்ளை அணுக்கள் ரத்தத்தோடு சும்மா சுற்றிக்கொண்டிருப்பவை. எங்கே போவது என்று அவற்றுக்குத் தானாகத் தெரியாது. காலில் கண்ணாடி குத்தினால் அந்த இடத்துச் சதை ரசாயனத்தால் கூப்பாடு போடும். கூப்பாடு கேட்டதும் பக்கத்து ரத்தக் குழாயின் உள்பக்கத்தில் கொக்கி மாதிரி சில பொருள்கள் நீட்டிக்கொள்ளும். ஓட்டத்தோடு போகிற அணு அதில் உரசி, உருண்டு, மாட்டிக்கொண்டு நிற்கும். பிறகு உடம்பை நெளித்துக் குழாயின் இடுக்கு வழியாக வெளியே இறங்கி, கூப்பாடு வரும் திசையைப் பிடித்துப் போகும். போய்ச் சேரச் சேர அதற்கு ஆவேசம் ஏறும். கிருமியை விழுங்கிவிட்டுத் தானும் சாகும். வீக்கம், சூடு, சிவப்பு, சீழ், காய்ச்சல் எல்லாம் அவை வந்துவிட்டதற்கு அடையாளம்.

"உங்க வீட்டம்மாவுக்கு ரத்தத்துல அணு நெறைய ஓடுது. கால்ல ஒண்ணுகூட எறங்கல" என்றார்.

"ஆத்துல ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி போவுது. மதகு தொறக்கல. அதனால வயலு கருகுது. அப்படிங்களாம்மா?" என்றார் மாமா.

"அப்படித்தாங்கய்யா. மதக ஏதோ ஒண்ணு பூட்டி வச்சிருக்கு. அது எதுன்னு தெரியணும். வெளியில இருந்து ஸ்டீராய்டு போயிருந்தா இப்படி ஆகும். ஆனா அவங்க இல்லங்குறாங்க. ரத்தத்துல பாக்க அனுப்பியிருக்கேன்."

காலை எடுத்தாவது உயிரைப் பிடித்து வைக்கலாமா என்பதுதான் அப்போது இருந்த கேள்வி. எடுப்பதற்கும் ரத்த அழுத்தம் இறங்காமல் நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. மருந்து ஏற ஏற, இறங்கிக்கொண்டே போனது. அத்தை என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். செந்தில்குமார் போனில் அழுதான். மாமா வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி நின்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்தான் ரொம்பக் கொடுமை.

அப்போதுதான் அஞ்சம்மாள் வந்தாள். கால் ஆறிய தழும்போடு லேசாக நொண்டிக்கொண்டு, தூக்குச்சட்டியில் கஞ்சியும் முந்தானை முடிச்சில் வெற்றிலையுமாக வந்தாள். கட்டில் பக்கத்தில் நின்று அத்தையின் தலையைத் தடவினாள். பிறகு முடிச்சிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அக்கா வந்ததுலேருந்து செட்டு போட்டுருக்காது. அதான் இப்படி தொவண்டு கெடக்கு. கடையில வாங்கியாந்தேன். குடுத்துப் பாரு பூர்ணி, எழுந்திரிச்சிரும்."

டாக்டர் நஃபீசா திரும்பினார். காகிதத்தை வாங்கிப் பிரித்தார். வெள்ளையையும் மஞ்சளையும் ஒதுக்கிவிட்டு, பொடி மாத்திரையை விரல் நுனியில் ஒட்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இத எவ்வளவு நாளாப் போடுறாங்க?"

"நாளா? மூணு வருசமாப் போடுதும்மா. வேல இல்லாட்டியும் போடும். அது இல்லாட்டி அக்காவால கட்டில விட்டு எறங்க முடியாது."

டாக்டர் நர்ஸிடம் ஒரு ஊசியின் பெயரைச் சொன்னார். அதுவும் ஸ்டீராய்டுதான். உடம்பு தன் அணுக்களை அடக்கி வைக்கவும், ஆபத்தில் ரத்த அழுத்தத்தைத் தாங்கவும் ஒரு பொருளைத் தானே சுரக்கிறது. சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி ஒன்றின் வேலை அது. தேவைக்குக் கொஞ்சம் விடும், தேவை முடிந்தால் நிறுத்தும். அதே பொருள் கடையிலிருந்து தினமும் வந்து கொட்டினால் சுரப்பி தூங்கிப்போகும். அத்தைக்கு மூன்று வருஷமாக அது தூங்கிக்கொண்டிருந்தது. மதகைப் பூட்டியது எதுவோ, அதுவே இல்லாவிட்டால் அவள் ரத்த அழுத்தமும் நிலைக்காது என்ற நிலைக்கு வந்திருந்தாள். அஞ்சம்மாள் சொன்னது தப்பில்லை. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அழுத்தம் மேலே வரத் தொடங்கியது. அத்தை கண்ணைத் திறந்து, "கஞ்சியில உப்புப் போட்டியா?" என்று அஞ்சம்மாளைக் கேட்டாள்.

அன்று சாயங்காலமே முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அந்த வாரம் நான் மெடிக்கல்காரரிடம் சண்டைக்குப் போனேன். வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "வலிக்குதுன்னு கை நீட்டுறாங்க. நான் இல்லன்னா அடுத்த கடை. அவங்க வலிய நீ எடுத்துக்குவியாம்மா?" என்றார். கடை முன்னால் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. என் தோளுக்கு மேலாகவே கைகள் நீண்டன. கேக்குறவன் கேணையன்னா கேப்பையில நெய் வடியும் என்பார்கள். இங்கே கேட்டவர்கள் கேணையர்கள் இல்லை, இடுப்பு ஒடிந்தவர்கள். அவர்களை விலக்கிக்கொண்டுதான் நான் வெளியே வர வேண்டியிருந்தது.

ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்த முடியாது என்று டாக்டர் நஃபீசா சொல்லிவிட்டார். சுரப்பி எழுந்திருக்க அவகாசம் கொடுத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். குறையக் குறைய அத்தைக்கு வலி திரும்பியது. முட்டி, இடுப்பு, தோள்பட்டை, வெட்டிய இடம், இல்லாத பாதம் எல்லாம் வலித்தது. மூன்று வருஷமாக அவள் கேட்க மறுத்ததை உடம்பு சேர்த்து வைத்துச் சொன்னது. எனக்குத் தெரிந்து அவள் அழுதது அப்போதுதான்.

"இதெல்லாம் இத்தன நாளா எங்கடி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"இங்கதான் அத்தே இருந்துச்சு. நீங்கதான் கேக்கல" என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அவள் தலையை ஆட்டினாள்.

வட்ட முகம் வற்றி, பழைய ஒட்டிய கன்னம் திரும்பியது. பார்க்க வந்தவர்கள், "ஐயோ, எப்படி இளைச்சுப் போயிட்ட" என்று உச்சுக்கொட்டினார்கள். சித்திரையில் ஒருநாள் மீன் ஆயும்போது முள் குத்தி அவள் கட்டைவிரல் வீங்கியது. சிவந்து, சூடாகி, ஒரு சொட்டு சீழும் வைத்தது. அன்று ராத்திரி மேல் கதகதவென்று இருந்தது. எனக்குப் போன் செய்து, வீட்டில் குழந்தை பிறந்த செய்தி சொல்கிற மாதிரி, "வீங்கியிருக்குடி பூர்ணி. காய்ச்சக்கூட அடிக்குது" என்றாள். அவளுடைய அணுக்கள் மறுபடி இறங்கி நடக்கப் படித்துவிட்டன. டாக்டரிடம் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு, உடனே அழைத்து வரச் சொன்னார்.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கியது. நான் ஊருக்குப் போயிருந்தேன். அத்தை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஊன்றுகோல். ஆட்களைக் கூட்டிப் போகிற பொறுப்பு இப்போது அஞ்சம்மாளுடையது. வயலுக்குப் போகிற வழியில் வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு போக வந்தாள்.

அவள் வாசலுக்கு வந்து நின்றதும் அத்தை ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். அஞ்சம்மாளுடைய கன்னம் இரண்டும் உப்பி, முகம் வட்டமாக, எண்ணெய் தடவிய மாதிரி பளபளவென்று இருந்தது.

"கிட்ட வாடி" என்றாள் அத்தை. எட்டிக் கன்னத்தைத் தொட்டாள். "இது எப்பலேருந்து?"

"எல்லாரும் சொல்றாங்கக்கா, சதை போட்டுருக்குன்னு" என்று அஞ்சம்மாள் வெட்கப்பட்டாள்.

"செட்டு போடுறியா?"

"தினமுமா போடுறேன்? நடவு உள்ள அன்னிக்கு மட்டுந்தாங்க்கா."

"நடவு இல்லாத நாளு எதுடி உனக்கு?"

அஞ்சம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். அந்தக் காகிதத்தை முந்தானையில் முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவள் அவள். வெட்டிய காலைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனதைப் பார்த்தவள். அத்தையிடம் இருந்த பொறுப்பைத் தன் இடுப்பால் தாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதற்கு அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, பயம்தான் வந்தது.

"நாளைக்கே நிறுத்திராத, அதுவும் ஆபத்து" என்றாள் அத்தை. "இன்னிக்கு பூர்ணிகூட வண்டியேறு. அந்த டாக்டரம்மாகிட்ட போவோம். நானும் வர்றேன்."

"இன்னிக்கு எப்படிக்கா? நாத்து பறிச்சுப் போட்டாச்சு. வெயில்ல காஞ்சுரும். நடவு முடியட்டும், வர்றேன்."

ரோட்டில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அஞ்சம்மாள் புறப்படத் திரும்பியபோது அத்தை அவள் கையைப் பிடித்தாள். ஆள்காட்டி விரலில் அரிவாள் பட்ட ஒரு வெட்டு இருந்தது. வாய் திறந்து, ஓரம் வெளுத்து, கழுவி வைத்த மாதிரி இருந்தது. அத்தை அந்த விரலைத் தன் முகத்துக்கு அருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"இது எப்ப ஆச்சு?"

"அதுவா, ஆயிருச்சு நாலஞ்சு நாளு. அது ஒண்ணுமில்லக்கா" என்று அஞ்சம்மாள் சிரித்தாள். "பாருங்க, வீங்கக்கூட இல்ல."

ஹாரன் மறுபடி அடித்தது. வண்டியிலிருந்து பெண்கள் அஞ்சம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் கையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். அத்தை விடவில்லை.